குறத்தி பேசிய மராட்டி

நான் தஞ்சாவூர்க் கரந்தையில் பிறந்தவன். பள்ளிக்கூட நாட்களில் பெரிய கோயில் திருச்சுற்றில் ஓடிப்பிடித்து விளையாடும்போது, சுவரில் நெருக்கமாகப் பொறித்திருந்த ஒரு வகை எழுத்தைப் பார்த்திருக்கிறேன். ராஜராஜன் கல்வெட்டு மாதிரி இல்லை. மேலே கோடு போட்டு அதிலிருந்து தொங்கவிட்ட எழுத்து. உடன் வந்த ஒரு பெரியவரைக் கேட்டேன். "அது மராட்டி ராஜா காலத்துச் சமாசாரம், உனக்கு எதுக்கு?" என்றார். விட்டுவிட்டேன்.

1970களில் வங்கி வேலையாகப் புனே வந்தேன். ராஸ்தா பேட்டையில் நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் அறை. பஸ்ஸில் ஊர்ப்பெயரும் எண்ணும் நாகரியில்தான் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாமல் இரண்டு முறை தப்பான பஸ் ஏறிய பிறகு, ஒரு பாலபாடப் புத்தகம் வாங்கி எழுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருஷம் கழித்து ஊருக்குப் போனபோது பெரிய கோயில் சுவர் முன்னால் சும்மா நின்றேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது! நான் பிறந்த ஊர்ச் சுவரைப் படிக்கும் சாவி எனக்குப் பூனாவில் கிடைத்தது. அன்றிலிருந்து தஞ்சை மராட்டியர் எழுதி வைத்தவற்றைத் தேடிப் படித்து வருகிறேன். அந்த வாசிப்பில் எனக்கு ஏற்பட்ட சில எண்ணங்களை நம் மலரில் வைப்பது பொருத்தம் என்று தோன்றியது. காரணம் கட்டுரை முடிவில் விளங்கும்.

ஒரு வீட்டின் இரண்டு பிள்ளைகள்

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். நாம் குடியிருக்கும் இந்தப் புனே, சத்ரபதி சிவாஜியின் தந்தை ஷாஹாஜி போன்ஸ்லேயின் ஜாகீர். சிவாஜி வளர்ந்தது இங்கே. ஷாஹாஜியோ பெங்களூரில் இருந்தார். அவருடைய இன்னொரு மனைவியின் மகன் வெங்கோஜி என்கிற ஏகோஜி, பிஜாப்பூர் சுல்தானின் படையோடு தெற்கே வந்து 1676ஐ ஒட்டித் தஞ்சாவூரைத் தம் வசமாக்கினார். அடுத்த ஆண்டே சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது, கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் அண்ணனும் தம்பியும் சந்தித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினைப் பேச்சு சுமுகமாக முடியவில்லை என்பது வேறு கதை. ஏகோஜியின் வழியினர் 1855 வரை, அதாவது சுமார் 180 ஆண்டுகள், தஞ்சையில் இருந்தார்கள். இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கும்பினியார் எடுத்துக்கொண்டார்கள்.

ராஜாக்கள் போய்விட்டார்கள். அவர்களோடு வந்த ஜனங்கள் போகவில்லை. படைவீரர்களின் வழியினர், நாம் 'ராயர்' என்று அழைக்கும் கணக்கு வழக்குக் குடும்பங்கள், சமர்த்த ராமதாசரின் வழியில் தஞ்சாவூரிலும் மன்னார்குடியிலும் மடம் அமைத்தவர்கள் எல்லோரும் காவிரிக் கரையிலேயே தங்கி விட்டார்கள். திருவிதாங்கூர், இந்தூர், பரோடா மூன்று சமஸ்தானத்துக்கும் திவானாக இருந்த ராஜா சர் டி. மாதவ ராவ் 1828இல் கும்பகோணத்தில் பிறந்தவர், இந்த மராட்டி வீட்டுப் பிள்ளைதான். ஆக, தமிழர்களுக்கு நடுவே மராட்டி பேசும் ஒரு சிறு கூட்டம் முந்நூற்றைம்பது வருஷமாக இருந்து வருகிறது. மராட்டியர்களுக்கு நடுவே தமிழ் பேசும் நாம் அவர்களின் கண்ணாடி உருவம்.

எழுதியவர்கள் எழுதாமல் விட்டது

இவர்களைப் பற்றி எழுதியவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். நம் ஊர்க்காரர்கள் பலர் 'அந்நிய ஆட்சி' என்று ஒரு வரியில் முடித்து, சோழனிலிருந்து நேரே வெள்ளைக்காரனுக்குத் தாவி விடுவார்கள். இந்த ஊர்க்காரர்கள், 'தெற்கே பறந்த காவிக்கொடி' என்று ஒரு பத்தி பெருமை பேசிவிட்டுப் பானிப்பட்டுக்குப் போய் விடுவார்கள். மூன்றாவது வகையினர் சாம்பார்க் கதைக்காரர்கள். சம்பாஜி தஞ்சாவூர் வந்தாராம், ஆம்டியில் கோகம் தீர்ந்து போய்ப் புளி போட்டார்களாம், சாம்பார் பிறந்ததாம். சுவையான கதை, அக்காலச் சான்றுதான் எதுவும் காட்டப்பட்டதில்லை. மலர் தவறாமல் இந்தக் கதை அச்சாவதைப் பார்த்து எனக்கு அலுத்து விட்டது.

இந்த மூன்றிலும் சேராத நல்ல உழைப்பும் உண்டு. கே. எம். வேங்கடராமையா எழுதி 1984இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'தஞ்சை மராட்டிய மன்னர்கால அரசியலும் சமுதாய வாழ்க்கையும்' ஒரு சுரங்கம். மோடி எழுத்திலிருந்த அரண்மனை ஆவணங்களைத் தமிழாக்கி அந்தப் பல்கலைக்கழகமே வெளியிட்ட தொகுதிகளும் அப்படியே. ஆனால் இவையெல்லாம் அரசியலும் சமுதாயமும். சரசுவதி மகாலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மராட்டிச் சுவடிகள் இருக்கின்றனவே, அவை இலக்கியமாகத் தேறுமா என்ற கேள்வியைக் கேட்டவர்கள் இரண்டு ஊரிலும் சொற்பம்.

சாங்லிக்கு முன்னால் தஞ்சாவூர்

புனேயில் நாடகப் பித்து எத்தகையது என்று நமக்குத் தெரியும். ஆண்டுதோறும் நவம்பர் 5ஆம் தேதி மராட்டி அரங்க நாள் கொண்டாடுகிறார்கள். 1843இல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே 'சீதா சுயம்வரம்' போட்டதை மராட்டி நாடகத்தின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். ஆனால் அதற்குச் சுமார் 150 ஆண்டுகள் முந்தியே தஞ்சாவூரில் மராட்டி நாடகங்கள் எழுதப்பட்டு விட்டன. 1684 முதல் 1712 வரை ஆண்ட சகஜி மன்னர் பெயரில் வழங்கும் 'லக்ஷ்மி நாராயண கல்யாணம்' அவற்றுள் ஒன்று.

இதைச் சொன்னால் இங்குள்ள நண்பர்கள், "அது யக்ஷகான பாணி, தெற்கத்தி வடிவம், எங்கள் மேடையோடு அதற்குத் தொடர்பில்லை" என்பார்கள். தொடர்பில்லை என்பது சரி. ஆனால் தெற்கத்தி வடிவம் என்று தள்ளுவது எப்படிச் சரியாகும்? பாவே நாடகம் போட்டதே, வடகன்னடத்துக் கர்கியிலிருந்து சாங்லிக்கு வந்த யக்ஷகானக் குழு ஆடியதைப் பார்த்த சமஸ்தானாதிபதி, நம் மொழியிலும் இப்படி ஒன்று செய்யப்பா என்று சொன்னதால்தானே! மராட்டி நாடகம் இரண்டு முறை பிறந்தது, இரண்டு முறையும் தெற்கத்தி மருத்துவச்சி கையில் பிறந்தது. முதற் குழந்தையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

சகஜி தமிழிலும் 'சந்திரகாச விலாச நாடகம்' எழுதியவர். அவருடைய 'பஞ்சபாஷா விலாசம்' இன்னும் விசேஷம். திராவிடம், ஆந்திரம், மகாராஷ்டிரம், வடதேசம் ஆகிய நாடுகளின் இளவரசிகள் அவரவர் மொழியில் பேச, சமஸ்கிருதமும் சேர்ந்து ஐந்து மொழி. கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனாலும் விமர்சனமாகப் பார்த்தால் ஒரு குறை. ஐந்து மொழியும் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்றை ஒன்று தொட்டு மாற்றவில்லை. ஒரு சமஸ்தானத்தின் பெருந்தன்மை அதில் தெரிகிறது. ஒரு புதுக் கவிதை அதில் பிறந்ததாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஒரே மன்னர், மூன்று எழுத்து

புதுசாக ஒன்று பிறந்தது நூறு வருஷம் கழித்து. 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி காலத்தில் மூன்று எழுத்துகள் உண்டாயின. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நான் சிறுவயதில் பார்த்த அந்தச் சுவர். 1803இல் பொறித்த போன்ஸ்லே வம்ச சரித்திரம். மராட்டியில் 'பகர்' என்று சொல்லப்படும் வரலாற்று உரைநடையின் வழியில் முன்னோர் தொடங்கிச் சரபோஜி வரை குலக்கதை சொல்கிறது. மிக நீளமான கல்வெட்டு. கும்பினியாரிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டு, கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டும் கையில் வைத்திருந்த ஒரு மன்னர், நாங்கள் யார் தெரியுமா என்று கல்லில் சொல்லிக்கொள்கிறார். யாருக்குச் சொல்கிறார்? கோயிலுக்கு வரும் ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு அதைப் படிக்க வரும்? வரலாற்றுக்கு அது பொக்கிஷம். எழுத்து என்ற முறையில் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் எழுத்து.

இரண்டாவது, கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் தமிழில் பாடிய 'சரபேந்திர பூபாலக் குறவஞ்சி'. பாட்டுடைத் தலைவர் சரபோஜி. தலைவி அவர்மேல் காதல் கொண்டு வாடுகிறாள், குறத்தி வந்து மலைவளமும் நாட்டுவளமும் சொல்லிக் குறி பார்க்கிறாள். பெரிய கோயிலில் திருவிழாக் காலத்தில் ஆடப்பட்டு ஊர் ஜனங்கள் பார்த்துக் களித்தது. ஒரு மராட்டி ராஜாவைத் தமிழ்க் கவி தம் குறவஞ்சிக்குள் இழுத்துக்கொண்டார்.

மூன்றாவதுதான் என்னைக் கவர்ந்தது. சரபோஜி தாமே எழுதிய 'தேவேந்திர குறவஞ்சி'. மொழி மராட்டி. வடிவமோ நம் தமிழ்க் குறவஞ்சி! உள்ளடக்கம் என்ன தெரியுமா? உலகப் புவியியல். கண்டங்கள், நாடுகள் என்று உலகம் முழுவதையும் குறத்தி பாட்டாகவே சொல்கிறாள். சுவார்ட்ஸ் பாதிரியாரின் அரவணைப்பில் இளமையில் மேல்நாட்டுக் கல்வி பயின்றவர், பின்னாளில் அச்சகம் வைத்து ஈசாப் கதைகளை மராட்டியில் அச்சிட்டவர், அவருக்கு இப்படி ஒரு யோசனை வந்திருக்கிறது.

இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். குறவஞ்சியில் குறத்திக்கு என்ன வேலை? எங்கள் மலை இன்னது, நான் சுற்றிய தேசம் இன்னது என்று பாடுவது. நாடோடிக்கு ஊர் ஊராகப் பெயர் சொல்வது இயல்பு. சரபோஜி அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டார். தேசம் சுற்றிய குறத்தி உலகத்தையே சுற்றி வந்தால் என்ன? புவியியல் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியார் யார்? பக்கத்து வீட்டுப் பாத்திரத்தில் சொந்த வீட்டு அரிசியைப் போட்டு, கடல் கடந்து வந்த தண்ணீரை ஊற்றிச் சமைத்திருக்கிறார். மகாராஷ்டிரத்தில் இருந்த ஒருவர் இதை எழுதியிருக்க முடியாது, அவருக்குக் குறவஞ்சி தெரியாது. தமிழ்க் கவிராயர் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்ற ஒருவருக்குத்தான் இது தோன்றியது.

குறை இல்லாமலில்லை. குற்றாலக் குறவஞ்சியைச் சுவைத்த நாவுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். ஊர்ப்பெயர்கள் அடுக்கடுக்காக வரும்போது பாட்டு மூச்சுவாங்குகிறது. குறவஞ்சிக்கு உயிர் தலைவியின் ஏக்கம். குறி என்ன சொல்லப் போகிறதோ என்ற அவள் தவிப்பால்தான் குறத்தியின் பேச்சு இனிக்கிறது. பாடம் வந்து உட்கார்ந்துகொண்டதும் தவிப்புக்கு இடமில்லாமல் போய்விட்டது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் தோற்றாலும் இது எதிர்காலத்தைப் பார்த்து எழுதியது, சுவர்க் கல்வெட்டோ எவ்வளவு சிறந்தாலும் இறந்தகாலத்தைப் பார்த்து எழுதியது. ஒரு சிறுபான்மை மொழிக்கு இரண்டில் எது அதிகம் தேவை என்று என்னைக் கேட்டால், குறத்தியைத்தான் சொல்வேன்.

ஏன் நின்று போயிற்று

பின் ஏன் இந்த வழி தொடரவில்லை? தமிழ்க் குறவஞ்சிக்குக் கோயில் மேடையும் ஊர்க்கூட்டமும் இருந்தன. மராட்டிக் குறவஞ்சி சுவடியாகக் கிடந்து 1950இல் சரசுவதி மகால் பதிப்பாக அச்சேறியது. எழுதினவர் ராஜா, படிக்க வேண்டியவர்கள் அரண்மனைக்காரர்கள். அரண்மனை 1855இல் போனதும் மொழிக்குச் சம்பளம் நின்று விட்டது. மோடி எழுத்து கச்சேரிக் கணக்கோடு ஒழிந்தது. அதே சமயத்தில் புனேயிலும் மும்பையிலும் பள்ளிக்கூடமும் பத்திரிகையும் வந்து மராட்டி புதிதாக ஓர் உரைநடையைப் பெற்றது. அந்த ரயிலில் தஞ்சை மராட்டி ஏறவேயில்லை. வீட்டுக்குள் போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டது.

வேறு மாதிரி நடந்த ஓரிடத்தையும் பார்க்கலாம். துருக்கியர் படையெடுப்புக்கு அஞ்சி 16ஆம் நூற்றாண்டில் குரோவேஷியர்கள் பலர் ஹங்கேரியின் மேற்கு எல்லைக் கிராமங்களில் குடியேறினார்கள். தாய்நாட்டின் பொதுமொழி வேறொரு வட்டார வழக்கை ஒட்டி அமைந்து விட்டது. இவர்களோ கொண்டு வந்த பழைய வழக்கையே பேசி வந்தார்கள், நம் தஞ்சை ராயர்களைப் போல. 1921இல் அந்தப் பகுதியில் பெரும்பங்கு ஆஸ்திரியாவுக்குப் போய்விட்டது, மிச்சம் ஹங்கேரியில் நின்றது. ஜனங்கள் இரண்டு தேசமானார்கள். ஆனாலும் மொழி எழுத்தில் நின்றது. அவர்களுக்கு ராஜா கிடையாது, ஊர்ப் பாதிரியார் இருந்தார். மெகினிச் என்ற பாதிரியார் 1609லேயே அவர்கள் பேச்சில் பாட்டுப் புத்தகம் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார். வாரந்தோறும் கோவிலில் நாலு பேர் சேர்ந்து பாட வேண்டியிருந்தால் புத்தகம் வேண்டும், புத்தகம் இருந்தால் எழுத்து வேண்டும். ஹங்கேரி 1993இல் சட்டம் இயற்றி 13 சிறுபான்மையினரை ஏற்றபோது குரோவேஷியரும் அதில் இடம்பெற்றனர். சட்டம் பிந்தி வந்தது, பாட்டுப் புத்தகம் முந்தி வந்தது.

தஞ்சாவூரிலும் பாட்டோடு போனது பிழைத்தது. 19ஆம் நூற்றாண்டில் மராட்டிக் கீர்த்தனக்காரர்கள் தஞ்சை வந்து கதை சொன்னார்கள். அவர்களில் ராமசந்திர பாவா என்பவரை மோர்காவ்கர் என்று சொல்வார்கள், நம் புனேக்குப் பக்கத்து மோர்காவ் கணபதியை நினைவூட்டும் பெயர். அந்தப் பாணியைத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழுக்குக் கொண்டு வந்தார். சாகி, திண்டி, ஓவி, அபங்கம் எல்லாம் தமிழ்க் கதாகாலட்சேபத்தில் கலந்தன. மன்னார்குடிக் கிழவி ஒருத்தி சாகி மெட்டில் தமிழ் கேட்டுத் தலையாட்டினாள் என்றால், அதில் மராட்டி உயிரோடு இருக்கிறது என்று பொருள். நம் வீட்டுக் கங்காளமும் போளியும் அப்படித்தான் வந்து தங்கின.

ராயரும் என் பேத்தியும்

எங்கள் குடியிருப்பில் ஒரு ராயர் இருக்கிறார். கும்பகோணம் பக்கம். மகன் வேலைக்காக இங்கே வந்தவர். காய்கறிக் கடையில் மராட்டி பேசினால் கடைக்காரர் சிரிக்கிறாராம், "ஆஜோபா, இது எந்த ஊர் மராட்டி?" என்று. "தஞ்சாவூர்ல நாங்க மராட்டிக்காரா. இங்க வந்தா மதராசி. நடுவுல எந்த ஸ்டேஷன்ல மாறினோம்னு தெரியல சார்!" என்பார். சிரிப்பார், ஆனால் கண் சிரிக்காது.

ஒருநாள் அவர் அம்மாவின் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். தாலாட்டும் ஆரத்திப் பாட்டும். மொழி மராட்டி, எழுதியிருந்தது தமிழ் எழுத்தில். அந்தம்மாளுக்கு நாகரி தெரியாது. பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தில் பாட்டி சொன்ன பாட்டை எழுதி வைத்திருக்கிறார். "எனக்குப் பாடத் தெரியும், என் பிள்ளைக்கு அர்த்தம் தெரியும், பேரனுக்கு ரெண்டும் தெரியாது" என்றார் ராயர். நான் கொஞ்சம் பரிதாபத்தோடுதான் கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பரிதாபம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பொங்கல் விழாவில் பாடுவதற்காக என் பேத்தி ஒரு தமிழ்ப் பாட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். முழுக்க நாகரி எழுத்தில் எழுதியிருந்தாள். "தாத்தா, இப்படி எழுதினாதான் எனக்குப் படிக்க வரும்" என்றாள். ராயர் அம்மாவின் நோட்டு என் கண்முன் வந்து நின்றது. அங்கே 180 வருஷ அரசாட்சி இருந்து, மூவாயிரம் சுவடி இருந்து, கடைசியில் மிஞ்சியது ஒரு தாலாட்டு நோட்டு. எங்களுக்கு என்ன மிஞ்சும்?

அன்று இரவு என்னிடமிருந்த விழா மலர்களை எடுத்துப் புரட்டினேன். தமிழின் தொன்மை, கடல் கொண்ட குமரிக் கண்டம், ராஜராஜன் பெருமை, வள்ளுவரின் மேன்மை. நானே எழுதிய நாலு கட்டுரையும் அதில் சேர்த்திதான். எல்லாம் சரபோஜியின் சுவர்க் கல்வெட்டு மாதிரி, நாங்கள் யார் தெரியுமா என்று சொல்வது. நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம், பேத்திக்கு அது படிக்க வராது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தோமே, போவாடா கேட்டோம், அபங்கம் கேட்டோம், ஆஷாட மாதத்தில் வாரி போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். ஒரு தமிழ்ப் போவாடா எழுதினோமா? கட்கி தொழிற்சாலைக்கு வந்த நம்மவர் கதையைப் போவாடா மெட்டில் பாடினால், தேஹு ரோட்டுப் பிள்ளைகள் பாடமாட்டார்களா? பக்கத்து வீட்டு மராட்டிக் குழந்தையும் கூடச் சேர்ந்து டஃப் தட்டாதா? என் மலர்க் கட்டில் அப்படி ஒரு பக்கம்கூட இல்லை.

சங்கத்தாரை நான் குறை சொல்லவில்லை. இடம் பிடித்து, பணம் திரட்டி, மலர் போடுவதே பெரும்பாடு என்று எனக்குத் தெரியும். என் யோசனை சின்னது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் எழுத்து வகுப்பு. அதில் படிக்கும் பிள்ளைகளே பாடி ஆடுவதற்கு, புனேயில் நடக்கும் கதையாக, இங்கத்திய மெட்டில் ஒரு சிறு தமிழ் நாடகம். அடுத்த மலரில் அதை அச்சிடுவோம். சரபோஜியின் குறவஞ்சியைப் போல அது கவிதையில் கொஞ்சம் தோற்றாலும் பரவாயில்லை. வகுப்புக்கு முதல் மாணவி என் பேத்தி, பேர் கொடுத்தாகி விட்டது. கேள்விப்பட்டதும் ராயர் தம் பேரனையும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். தமிழ் எழுத்துத் தெரிந்தால்தானே கொள்ளுப்பாட்டியின் மராட்டித் தாலாட்டை அந்தப் பையன் படிக்க முடியும்!